சில நாட்கள் நடக்கிறேன், சில நாட்கள் சக்கர நாற்காலி: என்னை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்ளலாமா?

கேள்வி: மெல்லநடப்பவர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் இருப்பது முப்பதுகளின் தொடக்கத்தில் உறுதியானது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற உறையை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தாக்கிச் சிதைப்பதுதான் இந்த நோய். எனக்கு இருப்பது, தாக்குதல் ஒன்று வந்து வாரக்கணக்கில் நீடித்து, பிறகு ஓரளவு தணிந்து, மீண்டும் எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற வகை.

காலையில் வீட்டுக்குள் எதையும் பிடிக்காமல் நடக்கிறேன். பிற்பகலில் இடது பாதம் தரையை விட்டு முழுதாக எழும்ப மறுப்பதால், கட்டைவிரல் நுனி ஒவ்வொரு வாசற்படியிலும் தட்டுகிறது. உடல் சூடு சிறிது ஏறினால் போதும், வெந்நீரில் குளித்தால்கூடப் போதும், பார்வை மங்கிக் கால்கள் தளர்ந்துவிடும். உடல் குளிர்ந்ததும் தெளிந்துவிடும். சேதமடைந்த நரம்பு இழைகள் வெப்பத்தில் செய்தியைச் சரியாகக் கடத்துவதில்லை என்று மருத்துவர் விளக்கினார். இதனால் அருகில் செல்ல கைத்தடியும், நீண்ட தூரத்துக்குச் சக்கர நாற்காலியும் வைத்திருக்கிறேன்.

அண்மையில் ஒரு நூலகத்தில் மேல்தட்டில் இருந்த நூலை எடுப்பதற்காக நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். பின்னால் இருந்த ஒருவர், எனக்குக் கேட்கும்படியாகவே, "நன்றாகத்தான் நிற்கிறார், எதற்கு இந்த வேஷம்" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னதைவிட, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே தோன்றியதுதான் அதிகம் உறுத்துகிறது. பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர்களும் நடக்கவே இயலாதவர்களும் இருக்கும்போது, பாதி நாள் நடக்கிற நான் என்னை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்வது அவர்களுடைய இடத்தை எடுத்துக்கொள்வது ஆகாதா? அலுவலகத்தில் இதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் எவ்வளவு சொல்ல வேண்டும்? உங்களில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: இருசக்கரம்

வணக்கம். நான் பிறவியிலேயே தண்டுவடக் குறைபாடு உள்ளவள். நினைவு தெரிந்த நாளிலிருந்து சக்கர நாற்காலிதான் என் கால்கள். நீங்கள் யாருடைய இடத்தை எடுத்துக்கொள்வதாக அஞ்சுகிறீர்களோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பதால் முதலில் நானே பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லிக்கொள்வதால் என் பங்கில் ஒரு துளியும் குறையப்போவதில்லை. உலக மக்களில் ஆறில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அத்தனை பேரும் ஒரே அச்சில் வார்த்த உடலோடு இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதில்தான் பிழை இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறி 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் உறுப்பைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நீண்டகாலக் குறைபாடு ஒன்று பல்வேறு தடைகளோடு மோதும்போது, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க முடியாமல் போகக்கூடியவர்களும் இதில் அடங்குவர் என்பதே அதன் சாரம். எத்தனை அடி நடக்க முடிகிறது என்ற அளவுகோல் அங்கே இல்லை. தினமும் நடக்க முடியாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அரசுச் சலுகைகளுக்கான சான்றிதழ் வேறு. அதற்கு ஒவ்வொரு நாட்டிலும் தனி மருத்துவ அளவீடு உண்டு, அதை அந்தந்த அலுவலகத்தில்தான் கேட்டு அறிய வேண்டும். ஆனால் நான் யார் என்று எனக்குள் தீர்மானித்துக்கொள்வதற்கு எந்த அலுவலகத்தின் முத்திரையும் தேவையில்லை.

உங்களைப் பார்த்து "வேஷம்" என்றவர் தானாகக் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்ட படம் அப்படி. எல்லா இடங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் அந்தச் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968இல் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் நாட்டு வடிவமைப்பு மாணவி வரைந்தார். அவர் வரைந்ததில் தலைகூட இல்லை. உட்கார்ந்திருப்பது ஒரு மனிதர் என்று தெரிய வேண்டும் என்பதற்காக வட்டம் ஒன்றைப் பிறகு சேர்த்தார்கள். காது கேளாமை, பார்வையின்மை, மன நோய், தீராத வலி என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே படம் நிற்பதால், நாற்காலியில் இருப்பவர் எழக் கூடாது, நாற்காலியில் இல்லாதவர் உதவி கேட்கக் கூடாது என்ற இரண்டு தவறான விதிகளும் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டன. உண்மையில் சக்கர நாற்காலி பயன்படுத்துவோரில் பலரால் நிற்க முடியும், சில அடிகள் நடக்கவும் முடியும். இதய நோய், மூட்டு நோய், நரம்பு நோய் உள்ளவர்கள் அதைத் தங்கள் சக்தியைச் சேமிக்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். இப்போது வைத்திருக்கும் நாற்காலி உங்கள் அளவுக்கு வாங்கியதா, யாரிடமோ இரவல் பெற்றதா? இருக்கை அகலமாக இருந்தால், சக்கரத்தின் உந்துவளையத்தை எட்டிப் பிடிக்கத் தோள்களை விரித்தே தள்ள வேண்டியிருக்கும். கால்களைக் காப்பாற்றப் போய்த் தோள்களைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். பின் சக்கரத்தின் அச்சு சற்று முன்னால் இருந்தால் தள்ளுவது எளிது, ஆனால் நாற்காலி பின்பக்கம் சாயும் ஆபத்து கூடும். சோர்வு மிகுந்த நோய் என்பதால் கையால் தள்ளுவதே உங்களுக்குச் சரிப்படுமா, மின்விசை உள்ளது வேண்டுமா என்பதை அன்றாட வேலைகளை எளிதாக்க வழிகாட்டும் சிகிச்சையாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் கட்டாயம் கேளுங்கள். எழுந்து நிற்கும்போது இருபக்கப் பிரேக்கையும் போட்டுவிட்டு, பாதத் தட்டுகளை மடக்கிவிட்டுத் தரையில் கால் ஊன்றுங்கள். தட்டின் மேல் ஏறி நின்றால் நாற்காலி முன்பக்கம் கவிழும். நூலகத்தில் மேல்தட்டை எட்டுகிற அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

உதவி என்ற பெயரில் கேட்காமல் தள்ளுகிறவர்களுக்கும் தயாராகிக்கொள்ளுங்கள். என் விரல்கள் உந்துவளையத்தில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் திடீரென்று தள்ளினால், மணிக்கட்டு திரும்பிவிடும். முன்னாலுள்ள சிறு சக்கரம் தரையின் விரிசலில் சிக்கினால் நான் முகம்குப்புற விழுவேன். அதனால் கைப்பிடிகளை மடக்கி வைக்கக்கூடிய நாற்காலியாகப் பார்த்து வாங்கினேன். பிடிக்க ஏதும் இல்லையென்றால் பலரும் வாய் திறந்து கேட்டுவிடுகிறார்கள் என்பது என் கண்டுபிடிப்பு.

பதில் 2: ஓய்வுபெற்ற கணக்கர்

மேலே எழுதிய அம்மையாரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தும் இங்கே பதிவாக வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு விபத்தில் எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. செயற்கைக் காலுடன் நடக்கிறேன். கால்சட்டை அணிந்திருந்தால் பலருக்குத் தெரிவதே இல்லை. என்னிடம் இல்லாதது கால். அதை ஓர் அடையாளமாக மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எனக்கு ஒருபோதும் ஏற்பட்டதில்லை. கணக்கர், தந்தை, சதுரங்கப் பைத்தியம் என்று எனக்கு ஏற்கெனவே இருந்த அடையாளங்களே போதுமானவையாக இருக்கின்றன. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் ஆளிடம், தேவைப்படும் அளவுக்குச் சொல்கிறேன். மற்ற இடங்களில் சொல்வதில்லை.

தடைகளே மனிதரை முடக்குகின்றன, உடல் அல்ல என்ற கொள்கையை நானும் படித்திருக்கிறேன். 1976இல் பிரிட்டனில் உடல் குறைபாடு உள்ளவர்களின் சங்கம் ஒன்று அதை எழுத்தில் வைத்தது. 1983இல் மைக் ஆலிவர் என்ற சமூகவியலாளர், அவரும் சக்கர நாற்காலி பயன்படுத்தியவர், அதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் கொடுத்தார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டச் சொல்ல அதைவிட வலுவான வாதம் கிடையாது; அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் என் வெட்டுப்பட்ட காலின் முனை காலையில் ஒரு பருமன், மாலையில் ஒரு பருமன். பகல் முழுக்க அது சுருங்கிக்கொண்டே வருவதால், நடுவில் எங்காவது ஒதுங்கி, செயற்கைக் காலைக் கழற்றி, இன்னொரு காலுறையை மாட்டிக்கொண்டு மீண்டும் பொருத்த வேண்டும். விட்டுவிட்டால் தோல் உராய்ந்து புண்ணாகி, ஒரு வாரம் வீட்டில் கிடக்க நேரும். இல்லாத கட்டைவிரல் நள்ளிரவில் வலிப்பதும் உண்டு. இந்த வலியைச் சாய்தளம் கட்டித் தீர்க்க முடியாது. சமூகம் முழுவதும் ஒரே இரவில் திருந்திவிட்டாலும் இது என்னோடுதான் இருக்கும்.

ஆகவே நண்பரே, உங்களுக்கு வருத்தம் இருந்தால், பழைய உடலை நினைத்துத் துக்கம் இருந்தால், பெருமையோடு அடையாளத்தைத் தூக்கிப் பிடிக்கவில்லையே என்று அதற்கும் சேர்த்துக் குற்ற உணர்வு கொள்ளாதீர்கள். துக்கப்படுகிறவரைக் கோழை என்று சொல்கிற புதுவகைத் தேசபக்தி ஒன்று நம்மிடையே வளர்வதைக் காண்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை.

பதில் 3: பாதிச்செவி

கணக்கர் ஐயா சொன்ன வலி உண்மை. அதை மறுக்க எவருக்கும் தகுதியில்லை. ஆனால் "தேவைப்படும் இடத்தில் மட்டும் சொல்வேன்" என்ற வழி, சொல்லாமல் இருப்பதற்குச் செலவே இல்லாதவர்களுக்குத்தான் பொருந்தும் என்று கருதுகிறேன். எனக்குப் பதின்ம வயதிலிருந்து இரு காதிலும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. தலைமுடியை நீளமாக வளர்த்துக் காது கேட்கும் கருவியை மறைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கேட்பவரைப் போலவே நடமாடினேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. உள்ளே நடந்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளலாம் என்று பலர் எளிதாகச் சொல்கிறார்கள். உதட்டில் 'ப'வும் 'ம'வும் ஒன்றுபோலவே தெரியும். ஒருவர் பணம் என்கிறாரா மணம் என்கிறாரா, படம் என்கிறாரா மடம் என்கிறாரா என்பதை வாய் காட்டிக் கொடுக்காது. 'க' வாயின் உள்ளே பின்பக்கத்தில் பிறப்பதால் உதட்டில் அதன் சுவடே இருக்காது. எனவே, காதில் விழுந்த பாதியையும் கண்ணில் பட்ட பாதியையும் வைத்து, வாக்கியம் முடிவதற்குள் விடுபட்டதை ஊகித்து நிரப்ப வேண்டும். அதற்குள் அடுத்த வாக்கியம் தொடங்கியிருக்கும். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாமலே. மாலையில் வீடு திரும்பினால் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் படுத்துவிடுவேன். "உனக்கு நாங்கள் பிடிக்கவில்லை" என்றார்கள் வீட்டில். எனக்கு எவரையும் பிடிக்காமல் இல்லை. அன்றைக்கு உரிய கேட்கும் சக்தி தீர்ந்துபோயிருந்தது.

நோய் எதிர்ப்பு அமைப்பே உடலைத் தாக்கும் லூபஸ் என்ற நோயுள்ள கிறிஸ்டின் மிசரான்டினோ என்ற அமெரிக்கப் பெண்மணி, இதைத் தன் தோழிக்குக் கரண்டிகளை வைத்து விளக்கியதை 2003இல் எழுதினார். கையில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கரண்டிகள். குளிக்க ஒன்று, உடுத்த ஒன்று என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே வந்தால், பகல் முடிவதற்குள் கை காலியாகிவிடும். மற்றவர்கள் எண்ண வேண்டியதே இல்லை, நாம் எண்ணியே வாழ வேண்டும் என்பதுதான் விஷயம். குறைபாட்டை மறைப்பதற்கும் ஒரு கரண்டி போகிறது என்று நான் அதனோடு சேர்த்துக்கொள்வேன். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் உள்ளவருக்குச் சோர்வே தலையாய தொல்லை என்கிறபோது, அந்தச் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று யோசியுங்கள்.

அடையாளத்தைப் பற்றி ஒரு சொல். செவித்திறன் இல்லாதவர்களில் பலர் தங்களைக் குறைபாடு உள்ளவர்களாகவே கருதுவதில்லை. சைகை மொழி பேசும் ஒரு மொழிச் சமூகமாகக் கருதுகிறார்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்கு வாய்மொழி வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்ததால், தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் சைகை மொழி தடுக்கப்பட்டது. 2010இல் வான்கூவரில் நடந்த மாநாட்டில்தான் அந்தத் தீர்மானங்கள் நிராகரிக்கப்பட்டு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. நான் இடையில் கேட்கும் திறனை இழந்தவள். சைகை மொழியை வளர்ந்த பிறகே கற்றேன். அந்தச் சமூகத்தில் முழுதாகவும் இல்லை, கேட்பவர்கள் நடுவிலும் முழுதாக இல்லை. ஆகவே "பாதி நாள் நடக்கிறேன்" என்று நீங்கள் எழுதியதும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. நடுவில் இருப்பவர்களும் எண்ணிக்கையில் சேர்ந்தவர்கள்தான்.

அலுவலகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நோயின் பெயரையும் வரலாற்றையும் எல்லோருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே தேவையானவை மூன்று செய்திகள்: எந்த வேலை, அதில் எது தடை, எது இருந்தால் தடை நீங்கும். "கூட்டங்களில் பேசுவதைப் பின்தொடர எனக்குக் கடினமாக உள்ளது, நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்பி, ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமல் பார்த்துக்கொண்டு, பேச்சை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும் நேரடி எழுத்துரையை இயக்கினால் என்னால் முழுமையாகப் பங்கேற்க முடியும்" என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் நிலையில், வெயில் படாத, குளிர்ச்சியான இருக்கை, சோர்வு கூடும் பிற்பகலில் வீட்டிலிருந்து வேலை, நடுவே சற்றுச் சாய்ந்துகொள்ள ஓரிடம் ஆகியவற்றைக் கேட்கலாம். நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத இத்தகைய மாற்றங்களை ஐ.நா. உடன்படிக்கை நியாயமான ஏற்பாடு என்று வகுத்து, அவற்றை மறுப்பதும் பாகுபாடே என்று இரண்டாம் உறுப்பில் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அது எப்படி இடம்பெற்றிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் "பார்க்கலாம்" என்பார்கள். தேதி குறித்து நினைவூட்டுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற கணக்கர்

பாதிச்செவி அவர்களே, மறைப்பதற்கும் விலை உண்டு என்ற கருத்தை ஏற்கிறேன். கால்சட்டை செய்கிற வேலையை உங்கள் தலைமுடி செய்திருக்கிறது. எனக்கு அது செலவில்லாமல் முடிந்தது, உங்களுக்கு முடியவில்லை. சட்டத்தின் வழி கேட்க வேண்டுமானால் மாற்றுத்திறனாளி என்ற பெயரின் கீழ் நிற்க வேண்டியிருக்கிறது என்பதும் சரியே. 1977இல் சான் பிரான்சிஸ்கோவின் அரசுக் கட்டடம் ஒன்றில், பாகுபாட்டைத் தடுக்கும் சட்டவிதிகளில் கையெழுத்திடக் கோரி நூற்றுக்கும் மேற்பட்டோர் மூன்று வாரங்களுக்கும் மேலாகத் தங்கிப் போராடினார்கள். பார்வையற்றவர், கேளாதவர், நடக்க இயலாதவர் எல்லோரும் ஒரே பெயரில் கூடியதால்தான் அது நடந்தது. தொலைபேசி இணைப்பைத் துண்டித்தபோது கேளாதவர்கள் சன்னல் வழியாகச் சைகையால் வெளியே செய்தி அனுப்பினார்கள். கூடிக் கேட்கும்போது பொதுப் பெயர் வேண்டும். இரவில் தனியாகப் படுத்திருக்கும்போது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

மெல்லநடப்பவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாற்காலி இரவல்தான், தோள்வலிக்குக் காரணம் இப்போது விளங்குகிறது. அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை இன்றே தொடங்குகிறேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் அம்மாவுக்கு நான் நாற்காலியில் உட்காருவதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. "அதில் உட்கார்ந்து பழகினால் கால் மறந்துவிடும், இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்கிறார். உறவினர் வருகிற நாட்களில் நாற்காலியை உள்ளறையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். அன்பினால்தான் செய்கிறார் என்பது தெரிவதால் கோபிக்கவும் முடியவில்லை.

பதில் 5: மூட்டுவலிக்காரி

தம்பி, எனக்கு ருமட்டாய்டு மூட்டழற்சி. உன் அம்மாவின் வயதுதான் எனக்கும் இருக்கும், ஆகவே இரண்டு பக்கத்தையும் பார்க்க முடிகிறது. அவர் நாற்காலியை மறைப்பதில் உன்னைக் குறித்த வெட்கத்தைவிட, உறவினர் கேட்கப்போகும் கேள்விகளைக் குறித்த பயமே கூடுதலாக இருக்கும். "எப்போது சரியாகும்" என்று வருகிறவர்கள் கேட்டால் அவரிடம் விடை இல்லை. அந்த விடையை நீ அவருக்குக் கொடுத்துவிடு: இது வந்து போகும் நோய், மருந்து எடுத்துக்கொள்கிறான், நாற்காலி இருப்பதால் வெளியே போய்வருகிறான். இந்த மூன்று வாக்கியங்களை அவர் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை எளிதாகிவிடும்.

கால் மறந்துவிடும் என்ற பயத்தை வாதத்தால் தீர்க்க முடியாது. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்க்கப் போகும்போது அம்மாவை உடன் அழைத்துச் செல். பயிற்சி எப்போது, ஓய்வு எப்போது என்று அவர்கள் வகுத்துக் கொடுப்பதை அவர் காதாலேயே கேட்கட்டும். ஆனால் ஒன்று: மருத்துவர் உன்னை விட்டுவிட்டு அவரிடமே பேசத் தொடங்கினால், "என்னிடம் சொல்லுங்கள், ஐயா" என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிடு. பக்கத்தில் துணைக்கு ஒருவர் நின்றாலே நாம் காணாமல் போய்விடுவோம். இந்த வயதிலும் என் மகனிடம்தான் "அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது" என்று கேட்கிறார்கள்.

உறவினர் வரும் நாளில் நாற்காலியை வெளியே கொண்டுவர வேண்டும் என்று அவரிடம் சண்டை போடாதே. அவர் உள்ளே வைப்பதற்கு முன்பாகவே நீ அதில் உட்கார்ந்துகொள்.

மெல்லநடப்பவர்

அம்மா, கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அளவெடுத்து நாற்காலி வாங்க நேரம் குறித்துவிட்டேன். கைப்பிடி மடங்குவதாகவே கேட்கப்போகிறேன். இருக்கை அகலத்துக்கு இடுப்பளவுக்கு மேல் எவ்வளவு இடைவெளி விடச் சொல்வார்கள் என்பதை இருசக்கரம் அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 6: இருசக்கரம்

அளவெடுப்பவர் தரும் எண்ணையே இறுதியாகக் கொள்ளுங்கள். பொதுவாகத் தொடைக்கும் பக்கத் தடுப்புக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைகிற அளவு இடம் இருந்தால் போதும். குளிர்காலத்தில் அணியும் தடித்த உடையோடு போய் அளவு கொடுங்கள். உட்கார்ந்து பார்க்கும்போது கையை இயல்பாகத் தொங்கவிடுங்கள். நடுவிரல் நுனி பின் சக்கரத்தின் அச்சைத் தொட்டால் உயரம் சரியாக இருக்கிறது என்று பொருள்.